கோல் குறுகிய வரலாறு

கோல் என்னும் சிறு சொல் தமிழில் பெரும்பணிகள் பல ஆற்றி வருகின்றது. அரசன் கையில் அது செங்கோல். வணிகன் கையில் துலாக்கோல். புலவன் கையில் எழுதுகோல். தளர்ந்தவர் கையில் ஊன்றுகோல். சங்க நூல்கள் தேர்ப்பாகனை 'வலவன்' என்று அழைக்கின்றன. அவன் கையிலிருந்தது குதிரையைத் தூண்டும் தாற்றுக்கோல். அவ்வலவனின் வழிவந்தவரே இன்றைய மோட்டார் ஓட்டுநர் எனலாம். இவர் கையிலும் ஒரு கோல் உண்டு. ஆயினும் அதற்கென ஒரு நல்ல தமிழ்ப்பெயர் நிலைபெறவில்லை. 'கியர் போடு', 'கியரை மாற்று' என்று சொல்லிப் பொருளை உணர்த்திவிடுகிறோம். இக்கட்டுரையின் வசதிக்காக அதனைக் கியர்க்கோல் என்றும், அதன் தலையிலுள்ள உருண்டையைக் குமிழ் என்றும் வழங்குவோம்.

ரஹாங் வட்டாரத்து இளைஞர்களிடையே ஓர் ஆசை நிலவுகின்றது. கையால் கியர் மாற்றும் விரைவுக் கார் ஒன்று, பழையதே ஆயினும், கிடைத்துவிட்டால், முதல் வேலையாகக் கியர்க்கோலின் உயரத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பதே அவ்வாசை. குமிழ் தாழ்ந்து, கை அதன்மேல் படிந்து, மணிக்கட்டின் ஒரு சிறு அசைவில் கியர் மாற வேண்டுமாம். "பந்தயக் கார் அப்படித்தானே இருக்கிறது!" என்பது அவர்கள் கூறும் காரணம். இதனை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுவார் பலர். நாம் அவ்வாறு தள்ள விரும்பவில்லை. கோல் நீண்டிருந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அது குறுகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு நம் தோட்ட வாழ்க்கையையும் தொட்டுச் செல்கின்றது.

தொடக்கம் 1891ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் எமில் லெவாசோர் என்னும் பொறியாளர், பனார் - லெவாசோர் நிறுவனத்தின் காரில், எந்திரத்தை முன்னே வைத்து, அதன் பின்னே கிளட்சையும் நகரும் பற்சக்கரங்களையும் அமைத்தார். கோலை அசைத்தால் ஒரு பற்சக்கரம் தண்டின்மீது வழுக்கிச் சென்று மற்றொரு பற்சக்கரத்தின் பற்களோடு கோத்துக்கொள்ளும். அதே 1891இல்தான் நம் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில்பாதை திறக்கப்பட்டது. இரண்டுக்கும் அன்று எத்தொடர்பும் இல்லை. ஆனால் தொடர்பு விரைவில் வந்தது. 1895இல் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீண்ட பந்தயத்தில் லெவாசோர் ஏறத்தாழ 1,180 கிலோமீட்டரை 48 மணி 48 நிமிடங்களில், பெரும்பாலும் தாமே ஓட்டி, முதலில் முடித்தார். அதே பந்தயத்தில் மிச்செலின் சகோதரர்கள் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரங்கள் பூட்டிய கார் ஒன்றை ஓட்டினர். வழியெல்லாம் சக்கரம் வெடித்து அவர்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. எனினும் கார் ஓட இரப்பர் வேண்டும் என்பது அதன்பின் உறுதியாயிற்று. மறு ஆண்டு, 1896இல், மலாக்காவில் டான் சே யான் வணிக நோக்கோடு இரப்பர் பயிரிட்டார். பின்னர் நெகிரி செம்பிலானிலும் பிற மாநிலங்களிலும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து கப்பல்கள் வந்தன. மோட்டார் கார் பிறந்திராவிடின் நம் முன்னோருள் பலர் இம்மண்ணை மிதித்தே இருக்கமாட்டார்கள். காருக்காக மரம் சீவியவருக்குக் கார் கிட்டவில்லை என்பது வேறு செய்தி.

இனி, கியர் எதற்கு? எந்திரம் ஒரு குறிப்பிட்ட சுழற்சி வேகத்தில்தான் நன்றாக வலுக்கொடுக்கும். நின்ற வண்டியை நகர்த்தவும், மேடேறவும், விரைந்தோடவும் ஒரே பல்லிணைப்பு உதவாது. அவ்வளவே. ஃபோர்டு நிறுவனத்தின் டி மாடல் கார் மட்டும் 1908 முதல் இச்சிக்கலைக் கால்மிதிகளால் தீர்த்துக்கொண்டது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற அக்காரில் நாம் இங்குப் பேசும் வகைக் கியர்க்கோலே கிடையாது. மற்றக் கார்களிலெல்லாம் கோல் இருந்தது. அதுவும் பெரிதாக இருந்தது. தொடக்கக் காலக் கார்களுள் பலவற்றில் அது ஓட்டுநரின் வலப்புறத்தில், உடலுக்கு வெளியே, கைப்பிரேக்கின் அருகே ஒரு துடுப்பைப்போல் நின்றது. 1901இல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிசு காரில் கோல் செல்லுவதற்குத் தனித்தனிப் பள்ளங்கள் வெட்டப்பெற்றன. இன்று நாம் காணும் 'எச்' எழுத்து வடிவப் பாதைக்கு அது முன்னோடி.

கோல் ஏன் அவ்வளவு நீண்டிருந்தது? காரணம் இரண்டு. முதலாவது, வலு. பழைய பெட்டியில் கை நகர்த்தியது ஒரு முழுப் பற்சக்கரத்தை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரு சக்கரங்களின் பற்களைப் பொருத்த வேண்டியிருந்ததால், நெம்புகோல் நீளமாக இருந்தாலன்றி மனிதத் தோள் தாங்காது. இரண்டாவது, எட்டுதல். கியர்ப்பெட்டி எந்திரத்தை ஒட்டி முன்னே, ஓட்டுநரின் பாதங்களுக்கு அருகில் இருக்கும். கோல் அப்பெட்டியின் தலையிலிருந்து நேரே முளைக்கும். இருக்கையில் அமர்ந்தவர் கைக்கு அது எட்ட வேண்டுமானால் நீண்டும் வளைந்தும் வரத்தான் வேண்டும். இவ்விரு காரணங்களையும் மாணவர்கள் மனத்திற் கொள்வார்களாக. ஏனெனில், இவ்விரண்டும் நீங்கிய பின்னரே கோல் குறுகியது.

முதற் காரணத்தின் கொடுமையை நன்கறிந்தவர்கள் லோரி ஓட்டுநர்கள். தோட்டத்துப் பாலும், இரப்பர்க் கட்டுகளும், சில வேளைகளில் மக்களும் ஏறிச் சென்ற பழைய லோரிகளில், கார்களுக்கு வந்த வசதிகள் நெடுங்காலம் வந்து சேரவில்லை. அவற்றில் கியரைக் குறைப்பது ஒரு கலை. கிளட்சை மிதித்துக் கோலை நடுநிலைக்கு இழுக்க வேண்டும். கிளட்சை விட்டுவிட்டு, ஆக்சலரேட்டரை ஒரு முறை அழுத்தி எந்திரத்தின் சுழற்சியை உயர்த்த வேண்டும். எந்திரத்தின் ஓசை சரியான சுருதியை எட்டிய கணத்தில் மீண்டும் கிளட்சை மிதித்துக் கோலைக் கீழ்க் கியருக்குத் தள்ள வேண்டும். கணம் தவறினால் பற்கள் நறநறவென்று அலறும், கியர் விழாது. சமவெளியில் இது நாணத்தக்க பிழை மட்டுமே. ஆனால் சிரம்பானிலிருந்து கோலா பிலா செல்லும் பழைய சாலையில், புக்கிட் புத்துஸ் வளைவுகளில், பாரம் ஏற்றிய லோரி இறங்கும்போது கோல் நடுநிலையில் நின்றுவிட்டால், எந்திரத்தின் பிடி முழுதும் அற்றுப்போகும். பிரேக்கு ஒன்றே துணை. ஆகவே வளைவு வருமுன்னரே கியரைக் குறைத்துக்கொள்பவரே நல்ல ஓட்டுநர் எனப்பட்டார்.

இக்கலையைக் கற்பித்த பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. உதவியாளாக ஏறியவர் ஓட்டுநரின் கையைப் பார்த்துக் கற்றார். அதைவிட, எந்திரத்தின் ஓசையைக் கேட்டுக் கற்றார். எழுதப் படிக்க அறியாதவர்களும் இதில் தேர்ந்திருந்தனர். தோட்டத்தைப் பற்றி எழுதப்பெற்ற நம் கதைகளில் கங்காணியும் கிராணியும் துரையும் பால்மரம் வெட்டும் பெண்ணும் வருமளவுக்கு லோரி ஓட்டுநர் வருவதில்லை என்பது எம் நெடுநாள் குறை. செவியால் பற்சக்கரத்தை அறிந்த அம்மனிதரைப் பற்றி யாரேனும் எழுத வேண்டும்.

அக்கடினத்தைக் கார்களிலிருந்து நீக்கியது சிங்க்ரோமெஷ் என்னும் அமைப்பு. ஏர்ல் தாம்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் வகுத்த இவ்வமைப்பைக் காடிலாக் நிறுவனம் 1928இல் முதன்முதலாகக் கார்களில் கொணர்ந்தது. இதில் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தே இருக்கும். கோல் நகர்த்துவது ஒரு வளையத்தை மட்டுமே. பற்கள் பொருந்துமுன் கூம்பு வடிவான இரு பரப்புகள் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிடும். ஓட்டுநரின் செவி செய்த வேலையை ஒரு பித்தளை வளையம் செய்யத் தொடங்கிற்று. 1930களில் இது பிரிட்டிஷ் கார்களிலும் பரவியது. தள்ளும் வலு குறைந்தது. நீண்ட நெம்புகோலுக்கு இருந்த முதற் காரணம் தளர்ந்தது.

உடனே கோல் குறுகிவிட்டதா? இல்லை, அது வழிதவறிச் சென்றது. 1938க்குப் பின் அமெரிக்கக் கார்கள் முன்னிருக்கையில் மூவர் அமர்வதற்காகக் கோலைத் தரையிலிருந்து பிடுங்கிச் சுக்கான் தண்டில் பொருத்தின. தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பல்லாண்டுக் காலம் இந்தியச் சாலைகளை ஆண்ட அம்பாசடர் காரில் கியர் மாற்றியது சுக்கானுக்கு அடியிலிருந்த கோலால்தான். எந்திரத்துக்கும் கைக்கும் இடையே இணைப்புகள் பல வந்துவிட்டதால், எந்தக் கியரில் வண்டி இருக்கிறது என்பதைக் கை திட்டமாக உணர முடியாத நிலை. அதே காலத்தில் சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் (1961) தரைக்கோலோடு வந்தது. அதை ஓட்டியவர்கள் அதன் கியரைப் புகழ்ந்ததில் வியப்பில்லை. இந்தியாவில் பெருவாரியான மக்கள் தரைக்கோலுக்குப் பழகியது 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பின்னரே.

விரைவுக் கார்களைச் செய்தவர்கள் வேறு வழியிற் சென்றனர். அவர்கள் கை வைத்தது இரண்டாவது காரணத்தில். கோல் கியர்ப்பெட்டியின் தலையிலிருந்தே முளைக்க வேண்டும் என்பது என்ன கட்டாயம்? பெட்டியின் பின்னே ஒரு நீட்சியை அமைத்து, அதனுள் ஓர் இணைப்புத் தண்டை ஓடவிட்டு, அதன் முனையில், ஓட்டுநரின் தொடைக்கருகில், கோலை நட்டால் என்ன? பிறகு எட்டுவதற்காகக் கோல் நீள வேண்டியதில்லை. சாண் அளவே போதும். இவ்வமைப்பைத் தொலைநிலைக் கியர்மாற்றம் என்பர். 1945 முதல் 1949 வரை பத்தாயிரம் அளவில் செய்யப்பெற்ற எம்.ஜி. டி.சி. விரைவுக் காரின் குட்டைக்கோல் இவ்வகையைச் சேர்ந்தது. 1956இல் மோரிஸ் மைனர் 1000 வந்தபோது இச்சலுகை எளிய குடும்பக் காருக்கும் கிடைத்தது. முன்னைய மைனரின் நீண்டு வளைந்த கோல் போய், குட்டைக்கோல் வந்தது. மலேசியாவின் பழைய ஆசிரியர்கள் பலர் ஓட்டிய கார் இதுதான் என்பதை இத்தொகுப்பின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

இளைஞர்கள் கேட்கும் கேள்விக்கு மிகப் பொருத்தமான விடை மினி காரில் கிடைக்கின்றது. அலெக் இசிகோனிஸ் வகுத்த அக்கார் 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. இடத்தை மிச்சப்படுத்த எந்திரத்தைக் குறுக்கே கிடத்தி, கியர்ப்பெட்டியை அதற்கு அடியிலேயே, எந்திர எண்ணெயிலேயே, மூழ்க வைத்தார் அவர். விளைவாகக் கோல் முன் சுவரருகே தரையில் முளைத்து, ஒரு நீண்ட கம்பாய் ஓட்டுநரை நோக்கிச் சாய்ந்து வந்தது. மந்திரக்கோல் என்றும், கூழ் கிண்டும் கம்பு என்றும் ஆங்கிலேயர் அதனைக் கேலி செய்தனர். 1961இல் பந்தயக் கார் வல்லுநர் ஜான் கூப்பரின் துணையோடு மினி கூப்பர் உருவாயிற்று. எந்திரத்தின் வலு ஏறியது. முன் சக்கரங்களுக்குத் தட்டுப் பிரேக்கு வந்தது. கூடவே, காரின் அடியில் ஓர் உலோக உறை நீண்டு, கோல் பின்னுக்கு நகர்ந்து, குட்டையாகிக் கைக்கருகே நின்றது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மோண்டே கார்லோ பந்தயத்தில் மினி கூப்பர் வெற்றி பெற்றதை உலகம் அறியும். 1968இல் திறக்கப்பெற்ற நம் பத்து தீகா பந்தயத் திடலிலும் மினி ஓடியது.

இதில் நாம் கூர்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கூப்பர் அரத்தை எடுத்துக் கோலை அறுக்கவில்லை. கோலின் சுழலிடத்தையே ஓட்டுநரிடம் கொணர்ந்தார். நீண்ட கோலை நடுவே அறுத்திருந்தால் குமிழ் தாழ்ந்திருக்கும். ஆனால் முன்னே எட்டாத இடத்தில் போயிருக்கும்.

அறுத்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காக, சுழலிடத்திலிருந்து குமிழ் வரை 30 செ.மீ., சுழலிடத்திற்குக் கீழே 5 செ.மீ. எனக் கொள்க. கீழ்முனை ஒன்றரை செ.மீ. நகர வேண்டுமானால் குமிழ் 9 செ.மீ. நகர வேண்டும். மேலே 6 செ.மீ. அறுத்துவிட்டால் குமிழ் 7.2 செ.மீ. நகர்ந்தால் போதும். ஐந்தில் ஒரு பங்கு தொலைவு மிச்சம். ஆனால் முன்பு 4 கிலோ எடையளவு தள்ளிய கை இப்போது 5 கிலோ எடையளவு தள்ள வேண்டும். தொலைவில் சேமித்ததை வலுவில் செலுத்தியாக வேண்டும். நெம்புகோல் விதியில் தள்ளுபடி கிடையாது. இதுமட்டுமன்று. சிங்க்ரோமெஷ் வளையம் இரு வேகங்களையும் ஒன்றாக்கச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கிறது. கோல் குட்டையானதால் அந்நேரம் குறைந்துவிடாது. பொறுமையின்றித் தள்ளுகிறவர் அந்த வளையத்தைத் தேய்க்கிறார். குமிழைக் கனமாக்கினால் அதன் நகர்ச்சி வேகம் கைக்குத் துணைசெய்யும் என்று சிலர் ஈயமும் எஃகும் நிறைந்த குமிழ் பூட்டுகின்றனர். கை உணரும் நயம் அதனால் மேம்படலாம், விதி மாறாது.

சுழலிடத்துக்குக் கீழுள்ள பகுதியை நீட்டிச் செய்த மாற்றுக் கோல்களும் விற்கின்றன. அவற்றால் குமிழின் உயரம் குறையாமலே வீச்சு குறையும். இதனையும் அறுத்தலையும் ஒன்றெனக் கருதிக் குழம்புவோர் பலர். குமிழைத் தாழ்த்துவது கையின் இருப்பிடத்தையும் மாற்றுகிறது. கீழ்ப்பகுதியை நீட்டுவது வீச்சை மட்டுமே மாற்றுகிறது. வலு கூடுவது இரண்டிலும் உண்டு.

பந்தயக் காரில் கோல் தாழ்ந்தே இருக்கும் என்பதும் முழு உண்மையன்று. ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களில், உடல் நுழையும் அளவே இடம் இருந்தமையால், ஓட்டுநரின் பக்கவாட்டில் விரல் நீளத்திற்குச் சற்றே மிகுந்த ஒரு கோல் இருந்தது. தமிழ்நாட்டில் சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்த நாள்களில் ஓடிய அத்தகைய கார்களும், மாருதிக் காரின் உறுப்புகளைக் கொண்டு கோயம்புத்தூர்க் கரிவரதன் வகுத்த ஃபார்முலா மாருதியும் ஒற்றை இருக்கை மரபைச் சேர்ந்தவையே. நீண்ட தொலைவுப் பந்தயங்களில் புகழ்பெற்ற போர்ஷே 917 காரிலோ, எடையைக் குறைக்கக் குமிழையே பால்சா மரத்தால் கடைந்திருந்தனர். அதன் நினைவாகவே 2003இல் வந்த போர்ஷே கரேரா ஜி.டி. காரிலும் மரக்குமிழ் வைத்தனர்; ஆனால் அக்குமிழ் தாழவில்லை, சுக்கானுக்குப் பக்கத்தில் உயர்ந்து நின்றது. 2001இல் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரிலும் கோல் தரையை விட்டு முகப்புப் பலகைக்கே ஏறிவிட்டது. சுக்கானிலிருந்து எடுத்த கை கியரைத் தொட்டு மீண்டும் சுக்கானுக்குத் திரும்பும் தொலைவே இங்குக் கருதப்பட்டது. ஆக, வல்லுநர்கள் தேடியது தாழ்வையன்று, அண்மையை. இருக்கை தாழ்ந்த காரில் அண்மை என்பது தாழ்வாக அமையும்; இருக்கை உயர்ந்த காரில் அதே அண்மை உயரமாக அமையும். இதனை உணராமல் ஒரு காரின் அளவை மற்றொரு காருக்கு எடுத்துப் பொருத்துவது, அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போலாகும்.

மலேசியாவில் 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தபின் கார் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கைக்கெட்டும் கனவாயிற்று. 1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது. அதன் கைவண்ணத்தில் சாத்ரியா ஜி.டி.ஐ. பிறந்தது. 2002இல் மலேசிய இந்தியரான கரம்ஜித் சிங் புரோட்டோன் காரை ஓட்டி, உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி வாகையைச் சூடினார். அவ்வாகையைச் சூடிய முதல் ஆசியர் அவரே. அந்த ஆண்டுகளில் வளர்ந்த நம் இளைஞர்கள் விரைவுக் காரை நேசித்ததில் பிழை ஏதும் இல்லை. ஆனால் உலகம் அதற்குள் வேறு திசையில் திரும்பிவிட்டது. 1989 மார்ச்சில் பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் ஓட்டி வென்ற ஃபெராரியில், சுக்கானுக்குப் பின்னிருந்த இரு சிறு தகடுகளை விரலால் இழுத்தே கியர் மாற்றப்பட்டது. சில ஆண்டுகளில் ஃபார்முலா ஒன்று கார்களிலிருந்து கோலே மறைந்தது. 2005இல் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் சிப்பாங் திடலில் ஃபார்முலா ஒன்று பந்தயம் ஓட்டியதைக் காணச் சென்ற தமிழர்கள், கோல் இல்லாத காரைத்தான் கண்டார்கள். தானியங்கிக் கார் மட்டும் ஓட்டுவதற்கெனத் தனி உரிமமும் இந்நாட்டில் வந்துவிட்டது. மின்சாரக் கார்களுள் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது.

எனவே, எஞ்சியிருக்கும் கோல்களை அறுக்குமுன் சற்று எண்ணுவது நன்று. அறுத்த இரும்பு வளராது. குமிழ் ஏறும் மரை கோலின் தலையில்தான் இருக்கும். அதை அறுத்தால் கீழே புதிய மரை வெட்ட வேண்டும். சில கார்களில் பின்னோக்கிச் செல்லும் கியருக்கான பூட்டு வளையம் குமிழுக்கு அடியில் இருக்கும். அங்கே அறுத்தால் பின்செல்லும் கியரே கிடைக்காது. வேறு சிலவற்றில் அதிர்வை அடக்க இரு இரும்புக்கு நடுவே இரப்பர் வைத்திருப்பர். நம் முன்னோர் வடித்த பாலுக்கு அங்கேயும் வேலை இருக்கிறது. அறுவை அந்த இரப்பர் வரை இறங்கிவிட்டால் கோல் இரண்டாகிவிடும்.

அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் கையாளும் முறை எளியது. முதலில் ஓட்டுபவரை இருக்கையில் அமர்த்தி, கிளட்சை முழுதும் மிதிக்கச் சொல்வார்கள். முதுகு இருக்கையை விட்டு எழாமல், தோள் முன்னே சாயாமல், கை மூன்றாம் கியரையும் ஐந்தாம் கியரையும் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். முழங்கை சற்றே மடங்கியிருக்கும் உயரத்தில் கோலின்மீது சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார்கள். அக்கோடு குமிழ் இருக்கும் இடத்திலேயே விழுவதும் உண்டு. அப்போது அரத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இருக்கையை ஒரு பல் பின்னுக்குத் தள்ளி அனுப்பிவிடுவார்கள்.